ஆவியும் இல்லை, ஜின்னும் இல்லை

மேக்கன், ஜார்ஜியா
அக்டோபர் 1987

அன்புள்ள வெர்டீன் அக்காவுக்கு, தங்கை லுட்ரிஷா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்க ஆசைதான். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

நாக்கு எரிகிறது, பாதம் பஞ்சுமேல் வைத்த மாதிரி இருக்கிறது, டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

போன ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது, ஜெபத்துக்குக் கண்ணை மூடியதும் சபையில் சாய்ந்து விழுந்தேனே. "இவமேல ஆவி இறங்கிடுச்சு" என்று நீதான் விசிறினாய். நம் சபை எர்லீன், பாவாடை விலகாமல் என் கால்மேல் வெள்ளைத் துணி போர்த்தினாள். பிறகு பாட்டே இல்லாத சாவு வீட்டு ஜெபத்திலும் விழுந்தேன். அன்றோடு ஆவி போய், ஜின் பாட்டில் என்று பேச்சு வந்துவிட்டது. நீயும் போனில், "குடிக்கிறியாடி, எங்கிட்ட மறைக்காத" என்று கேட்டாய்.

இங்கே என் டாக்டர் மட்டும் என்ன கிழித்தார். என் நிறத்தைப் பார்த்ததுமே, கறுப்பர்களுக்கு வருகிற அரிவாள் செல் சோகையா என்று பார்த்தார். இல்லை என்றதும் இரும்பு மாத்திரை. எர்லீன் சட்டி சட்டியாகக் கீரையும் ஈரலும் கொண்டுவந்தாள். கீரையில் இருக்கிற ஃபோலிக் சத்து ரத்தத்தை மட்டும் தேற்றிக் காட்டியதாம். "ரத்தம் நல்லாத்தானே இருக்கு" என்று டாக்டரும் அனுப்பிவிட்டார். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போயிருக்கிறது.

போன மாதம் புதிதாக வந்த பெண் டாக்டர் நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். அவர்மேலேயே விழுந்தேன். பாதத்துக்குத் தரை தெரியாததால், கண்ணையும் மூடினால் உடம்பு சாய்ந்துவிடுமாம். பெர்னிஷியஸ் அனீமியா என்கிற ரத்தசோகையாம். பி12 சத்தை என் வயிறு உறிஞ்சவே உறிஞ்சாதாம். எவ்வளவு ஈரல் தின்றாலும் ஓட்டைப் பானையில் ஊற்றின தண்ணீர்தான். ஆயுசுக்கும் ஊசி போட வேண்டும்.

பழைய டாக்டரிடம் போய்க் கேட்டேன். "அது வெள்ளைக்காரக் கிழங்களுக்கு வர்ற வியாதிம்மா. உனக்கு நாப்பதுகூட ஆகலயே, யாருக்குத் தோணும்" என்றார். என் நரம்பு என்ன நிறம் என்று கேட்டிருக்க வேண்டும். பஸ் ஏறின பிறகுதான் அது வாயில் வந்தது.

ஊசியில் நாக்கு ஆறிவிட்டது. பாதத்தில் போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது என்கிறார்கள். நேற்று செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெருவில் ஒற்றைச் செருப்போடு நடந்திருக்கிறேன்.

இது குடும்பத்தில் ஓடுகிற நோயாம் அக்கா. இந்தக் கடிதம் கிடைத்ததும் போய் பி12 பார்க்கச் சொல். தேவையில்லை என்று டாக்டர் சொன்னால் எழுந்து வந்துவிடாதே. "நான் கறுப்பிதான், கிழவியும் இல்ல, என் தங்கச்சிக்கு இருக்கு, பாருங்க" என்று அங்கேயே உட்கார்ந்துகொள்.

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அது ஆறும்போது ஆறட்டும், உன் கால் அதுவரை காத்திருக்காது. கர்த்தர் உன் பாதங்களைக் காப்பாராக. அவர் காக்கட்டும் என்று வீட்டில் இருந்துவிடாமல் நீ போ.

கோபத்தோடும் பயத்தோடும்,
உன் லுட்ரிஷா