தோளில் இருந்த கை

ஆரியசாலை, திருவனந்தபுரம்
12 ஜூன் 2025

அன்புத் தம்பி ஜெபசிங்குக்கு,

இங்கே நலம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே. கலை விழா மேடையில் விழிஞ்ஞத்து மீன்காரப் பெண்களைப் போல நான் பேசிக் காட்டியது இணையத்தில் பரவியதிலிருந்து, போனைத் திறந்தாலே வசவுதான். அவர்களுக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை, மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன் பார், என் புத்தியைச் சொல்ல வேண்டும். சிம் கார்டைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டேன். இனி நமக்குள் தபால்காரர்தான்.

‘எட்டாம் நம்பர் வீடு’ தொடரிலிருந்து என்னை எடுத்துவிட்டீர்கள், சரி. நடிகையை எடுத்தால் அந்தப் பாத்திரத்தைச் சாகடித்து, மாலை போட்ட படத்தைச் சுவரில் மாட்டுவது நம் தொழில் வழக்கம். நானே எத்தனை படங்களுக்கு முன்னால் நின்று மூக்கைச் சிந்தியிருக்கிறேன்! ஆனால் கதை எழுதுகிறவன் நீ, கூடப் பிறக்காத தம்பி, வேறு படமா கிடைக்கவில்லை உனக்கு? அது இந்த வீட்டு முற்றத்தில் எடுத்தது. அம்மாவின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மாவை வெட்டிவிட்டீர்கள். என் தோளில் அவள் போட்ட கை மட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மா தினமும் அந்தத் தொடரைப் பார்க்கிறாள். அவளுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டு வருவது உனக்குத் தெரியும். படத்தை எடுத்துவிடு.

உன் நீலாக்கா


சென்னை
21 ஜூன் 2025

அன்புள்ள நீலாக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. என் மனைவி அனுஷா கேலி செய்கிறாள், அவள் ஊருக்குப் போனால் வராத கண்ணீராம்.

படத்தைக் கொடுத்தது நான்தான். செட்டில் அவசரமாகக் கேட்டார்கள். என் போனில் இருந்தவற்றில் அதில்தான் நீங்கள் மனசாரச் சிரித்திருந்தீர்கள். கையை நான் கவனிக்கவே இல்லை.

இப்போது எடுப்பது கஷ்டம் அக்கா. உங்கள் கணவராக நடிக்கும் பிச்சையா அண்ணன் தினமும் அந்தப் படத்தோடு வம்பு வளர்க்கிறார். ஜனம் அதற்குத்தான் சிரிக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது இத்தனை பேர் பார்த்ததில்லை. பாத்திரத்தைச் சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு சேதி. கேன்சல் கல்ச்சரை வைத்துப் புதுத் தொடர் கேட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தைக்காக ஊரே சேர்ந்து ஒருத்தியை ஒதுக்குகிற கதை, சிரிப்பும் அழுகையுமாகப் போகும். எழுத உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் வருகிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் எழுத மாட்டேன்.

அன்புத் தம்பி
ஜெபசிங்


ஆரியசாலை
2 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

உன் புதுத் தொடர் கிடக்கட்டும். இங்கே நடப்பதைக் கேள்.

போன வாரம் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் நாற்காலியோடு ஒடுங்கிப்போனாள்.

“நீ யாராக்கும்?”

“நீலாதாம்மா.”

“நீலா செத்துல்லா போனா? அன்னா, மாலை போட்டிருக்குது, கண்ணு தெரியல்லியா?”

என்னைப் பேய் என்றாள். என் கையால் சோறு வாங்க மாட்டேன் என்றாள். மறுநாள் வேறு வழியில்லாமல், “நான் பொன்செல்வி” என்றேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து, கல்யாணமாகி மார்த்தாண்டம் போனாளே, அவள் பெயர். உடனே வாயைத் திறந்து சாப்பிட்டாள்.

இப்போது தொடர் தொடங்கியதும் டிவிக்கு முன்னால் விளக்கு வைக்கிறாள். நானும் கும்பிட்டு நிற்க வேண்டும். என் படத்தை நானே கும்பிடுகிறேன். நிற்கும்போது சில நாள் தோளில் ஒரு கை கனக்கிறது. திரும்பினால் அம்மா தள்ளி நாற்காலியில் இருக்கிறாள். பயமாக இருக்கிறது தம்பி. நான் செத்துவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டு அவள் போய்விடுவாளோ?

ஒரே ஒரு காட்சியில் என்னைத் திரும்ப வரவழை. படத்தை இறக்கு. அவள் என்னை ஒரு தடவை நீலா என்று கூப்பிட்டால் போதும்.

நீலாக்கா


சென்னை
15 ஜூலை 2025

அன்புள்ள நீலாக்காவுக்கு,

சாதித்துவிட்டேன்! சண்டை போட்டேன், காலிலும் விழுந்தேன். இணையத்துக்காரர்கள் இப்போது வேறு ஒருவரைப் பிடித்துக்கொண்டதால் சேனலுக்கும் பயம் தெளிந்திருக்கிறது.

வரும் இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை பாருங்கள். செத்தது வேறு யாரோ, நீங்கள் காசிக்குப் போயிருந்தீர்கள் என்று மாற்றிவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வாசலுக்குள் நுழைகிற பழைய காட்சி ஒன்று பயன்படுத்தாமல் கிடந்தது, அதைச் சேர்த்திருக்கிறோம். படத்தை இறக்கும்போது பிச்சையா அண்ணன் நிஜமாகவே அழுதுவிட்டார்.

ஆகஸ்டில் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்குவேன். புதுத் தொடரைப் பற்றி நேரில் பேசலாம். அம்மா உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அப்போது சொல்லுங்கள்.

ஜெபசிங்


ஆரியசாலை
28 ஜூலை 2025

தம்பி ஜெபசிங்குக்கு,

வெள்ளிக்கிழமை அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு டிவி பக்கத்தில் நின்றேன். படத்தில் இருக்கிற மாதிரியே சிரித்துக்கொண்டு நின்றேன்.

திரையில் நான் வாசலுக்குள் வந்தேன். பிச்சையா அண்ணன் படத்தை இறக்கியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “எவளோ ஒருத்தி வந்திருக்கா. எம் பிள்ளைக்க படத்தையும் எடுத்துப் போட்டானுவளே!” பிறகு என் பக்கம் திரும்பினாள். “பொன்செல்வி, அவ சேலைய நீ எதுக்குக் கெட்டியிருக்க? கழத்து.”

கழற்றி மடித்து அவள் மடியில் வைத்தேன். அதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அவ வாயத் தொறந்தா தெருவே சிரிக்குமாக்கும். நல்லாயிருக்குன்னு நான் ஒரு நாளும் சொல்லல்ல, கேட்டியா.”

அம்மா என் நடிப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு ஆசை விடவில்லை. “அவ தப்புப் பண்ணினாளே, ஊரே ஏசிச்சே?” என்று கேட்டேன்.

“பண்ணினா. மாப்புக் கேட்டால்லா? பொறவு என்ன?”

எத்தனை லட்சம் பேர் என்னைப் பற்றிப் பேசினார்கள். இதை ஒருவரும் சொல்லவில்லை, கலை விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து அன்றைக்குச் சிரித்த நீயும் சொல்லவில்லை. அம்மாவுக்கு நான் உயிரோடு இருந்திருந்தால் அவளும் என்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

நேற்று அந்தப் படத்தை நீ வெட்டின மாதிரியே பிரிண்ட் போட்டு வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். சாலைக் கடைத்தெருவில் மாலை வாங்கி என் கையாலேயே போட்டேன். அம்மா விளக்கு வைத்துவிட்டு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

உன் தொடரை எழுதிக்கொள். அதில் அவளைச் சாகடிக்காதே, அது போதும். ஆகஸ்டில் வந்தால் வாசலில் நின்று நீலாக்கா என்று கூப்பிடாதே. உன் போன கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர் “நீலாம்பாள்” என்று கூப்பிட்டதற்கு அம்மா அன்று முழுவதும் அழுதாள். இனி எழுதினால் உறையின் மேல் என் இப்போதைய பெயரைப் போடு.

பொன்செல்வி