நீளத்தை அகலமாக்கிய தையல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மூன்று வாரம் முன்பு கப்பலிலிருந்து கூப்பிட்டு, பிள்ளைக்குச் செய்யவிருந்த அறுவையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டீர்கள். “மாமா, இருக்கறதே துளியூண்டு மூச்சுக்குழாய். அத வெட்டித் தைச்சா இன்னும் சுருங்கிடாதா?” முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கே அது புதுக் கணக்கு. போனில் எதைச் சொன்னாலும் “சரி மாமா” என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். அடுத்த துறைமுகத்தில் கையில் கிடைக்கும்.

அறுவை செய்யும் டாக்டரம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் என் கையிலிருந்த செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் குழாயாகச் சுருட்டினார். நடுவில் குறுக்கே வெட்டினார். மேல்பாதியின் பின்பக்கத்தையும் கீழ்ப்பாதியின் முன்பக்கத்தையும் நீளவாக்கில் கீறி, ஒன்றன்மேல் ஒன்றைச் சரித்துப் பொருத்தினார். குழாய் குட்டையானது, ஆனால் இரண்டு மடங்கு அகலமானது. “நீளத்த எடுத்து அகலத்துல போடறோம் சார், அவ்வளவுதான்” என்றார். அவ்வளவுதானாம். அறுவையன்று அவர் தைத்தது காகிதத்தை அல்ல, பேனா ரீஃபிள் அளவுக் குழாயை. ஆறு மணி நேரம் ஓர் இயந்திரம் குழந்தைக்காக மூச்சுவிட, மயிரிழை நூலால் தைத்தார். வெளியே வந்தவர் முதலில் கேட்டது ஒரு டம்ளர் தண்ணீர்.

மற்றக் குழந்தைகளுக்கு அந்தக் குழாயின் வளையங்கள் பின்பக்கம் திறந்திருக்குமாம். நம் பிள்ளைக்குப் பிறவியிலேயே முழுதாக மூடி, இறுகி இருந்தன. நாமோ அந்தக் கர்கர் சத்தத்தை “அப்பன் குறட்டை” என்று சொல்லிச் சிரித்தோம். வளர வளரச் சரியாகிவிடும் என்று நானும் தீர்ப்புச் சொன்னேன். உங்கள் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவுசெய்தாள். இரண்டு டாக்டர்கள் சளி என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவர்தான் காதுகொடுத்துக் கேட்டார்.

நீங்கள் வந்தபிறகு செய்யலாம் என்றுதான் அவளும் இருந்தாள். ஆனால் அன்று காலை பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. ஒன்பது முறை கூப்பிட்டாள், கப்பலுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. அறுவைக்கு அவளே கையெழுத்துப் போட்டாள். “என்னைக் கேக்காம எப்படிப் போட்ட?” என்று மறுநாள் அவளிடம் கேட்டீர்களே, அதோடு சரி. பதினோரு நாளாக எனக்குத்தான் கூப்பிடுகிறீர்கள். நான் ஓய்வு பெற்றது தபால்காரன் ஆவதற்கு அல்ல மாப்பிள்ளை.

செயற்கை மூச்சை எடுத்த அன்று நர்ஸ், “இனிமே அந்தக் கர்கர் சத்தமே வராதும்மா, பயந்துடாதீங்க” என்று சொல்லியும் இவள் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இன்னும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள். கையெழுத்துப் போடும்போது பயமாக இருந்ததா என்று கேட்டேன். “அப்பப் பயமில்லப்பா. இப்ப போன் அடிச்சாத்தான் பயமா இருக்கு. அடிக்கலேன்னாலும் பயமா இருக்கு” என்றாள்.

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். நீங்கள் மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் அவளைக் கூப்பிடுங்கள். எடுத்தவுடன் குழந்தையை விசாரிக்காதீர்கள். “நீ தூங்கினியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்து பாருங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்
மாமா