இடது சிறகில் பதினொரு மில்லிமீட்டர்

மார்ச் 3, ஞாயிறு

காலை பத்தே கால் மணிக்கு ஒரு விமானம் எங்கள் சமையலறை மேஜையில் வந்து இறங்கியது. செருப்புப் பெட்டி அளவு அட்டைப்பெட்டிக்குள், இருபத்தாறு துண்டுகளாக, பழுப்பு வெள்ளை ரெசினில். கொண்டுவந்தவள் அக்கா மகள். ஐந்து வயதிலேயே எங்கள் எல்லோருக்கும் புத்தி சொன்னவள் என்பதால் வீட்டில் அவளுக்குப் 'பெரிய மனுஷி' என்று பெயர். இப்போது வயது முப்பத்து நாலு. விமானம் வடிவமைக்கும் ஆபீசில் எட்டு வருடமாக ஒரே சோதனை விமானத்தைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள். பேட்டரியில் ஓடுவது, மூக்கில் ஆளை விடப் பெரிய ஒரே ஒரு விசிறி. இதுவரை நாலே நாலு தடவை பறந்திருக்கிறது.

"இருபத்திரண்டாம் தேதி மீட்டிங். இதை மூடிடறதா, இன்னும் பறக்க விடறதான்னு அன்னைக்குத்தான் முடிவு. மேஜை மேல வைக்க இந்த மாடல் வேணும். மாமா, இது விளையாட்டு இல்ல."

"நான் என்னைக்கு விளையாடியிருக்கேன்?"

அடுப்புப் பக்கமிருந்து மேலிடம் சிரித்தது. (பிற்காலத்தில் இதைப் படிக்கப்போகும் வரலாற்று ஆசிரியர்களின் வசதிக்காக: மேலிடம் என்றால் என் மனைவி.)

அவர்கள் ஆபீசில் மாடல் செய்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். போன மாதம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தக் கையால் நானூறு விமானம் கட்டியிருக்கிறேன் என்று நான்தான் வாயை விட்டேன். உண்மையில் ஏழு. அதில் இரண்டு கப்பல்.

மார்ச் 4, திங்கள்

முதல் வேலை குளிப்பாட்டுவது. அச்சிலிருந்து எடுக்க வசதியாக, துண்டுகளை வார்த்துக் கொடுத்த வார்ப்புக்காரர் ஏதோ எண்ணெய் தடவியிருக்கிறார். அது போகாவிட்டால் பசையும் ஒட்டாது, பெயின்ட்டும் ஒட்டாது. சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷுமாக இருபத்தாறு துண்டையும் கழுவி, துணி விரித்துக் காயவைத்தேன்.

"பாத்திரம் தேய்க்கச் சொன்னா இடுப்பு வலி. பிளேன் தேய்க்க மட்டும் வலிக்கலையாக்கும்?" - மேலிடம்.

வரலாறு இதற்குப் பதில் சொல்லும்.

மார்ச் 5, செவ்வாய்

ரெசின் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாதாம். முகமூடி, கண்ணாடி, ரப்பர் கையுறை, தொட்டியில் தண்ணீர். பார்சல் கொடுக்க வந்தவர் என்னைக் கண்டு மூன்று படி கீழே இறங்கிவிட்டார்.

மார்ச் 7, வியாழன்

வால் வளைந்திருந்தது. கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கினேன். வெண்ணெய் மாதிரி இளகிவிட்டது. கண்ணாடிமேல் வைத்து நேராக்கிக் குளிர்ந்த நீரில் போட்டால் மறுபடி கல். இது என்ன பொருளய்யா? சூட்டில் சொன்னபடி கேட்டு, ஆறியதும் சொன்னதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இந்தக் குணம் இல்லை.

சாயங்காலம் இன்னொரு கண்டுபிடிப்பு. இடது சிறகு வலதைவிட நீளம். நாலு தடவை அளந்தேன். பதினொரு மில்லிமீட்டர்.

மார்ச் 8, வெள்ளி

இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் சோதித்தவன் நான். இரண்டு தண்டவாளத்தில் ஒன்று தலைமுடி அளவு தள்ளியிருந்தாலும், கீழ்த்தளத்தில் நின்று மூக்கால் மோந்தே சொல்லிவிடுவேன். என்னிடமா ஒற்றைக்கால் விமானத்தைத் தள்ளிவிடப் பார்க்கிறார் அந்த வார்ப்புக்காரர்?

பெட்டியில் ஒரு வரைபடச் சுருளும் இருந்தது. பிரிக்கவில்லை. தெரியாதவர்கள் அல்லவா படம் பார்ப்பார்கள்.

பல் நுணுக்கமான ரம்பத்தை எடுத்தேன். சிறகின் உள்பகுதி பலகை போல ஒரே அகலம். அங்கே பதினொரு மில்லிமீட்டர் பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, நுனிப் பகுதியை உள்ளே தள்ளி, பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன். இரண்டு சிறகும் இப்போது இரட்டைப் பிள்ளைகள். பெரிய மனுஷிக்குச் சொல்லவில்லை. நேரில் பார்த்து அசந்து போகட்டும்.

மார்ச் 9, சனி

அறுத்து எடுத்த பட்டையை அறிவியலுக்கு அர்ப்பணித்தேன். மூன்று நிமிடம் கொதிக்கவைத்தால் கயிறு போல முறுக்கலாம். ஃப்ரீசரில் இரண்டு மணி நேரம் வைத்துச் சுத்தியலால் தட்டினால் எப்படி உடையும்? கண்ணாடி மாதிரி. ஒரு சில்லு இன்னும் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கலாம்.

மார்ச் 10, ஞாயிறு

வார்ப்புக்காரருக்கு ஒரு மின்னஞ்சல். நாலு பக்கம். "தாங்கள் பிழைப்பது விமானத்தாலா, ஏமாற்றாலா" என்று தொடங்கி, நடுவில் பொறியியலின் வரலாறு, முடிவில் மன்னிப்பு. நான் அவரை மன்னிப்பதாக.

மார்ச் 12, செவ்வாய்

பதில் வந்தது. மொத்தமே மூன்று வரி.

"ஐயா, அது அப்படித்தான். வரைபடம் இரண்டாம் தாளைப் பார்க்கவும். சிறகை எதுவும் செய்துவிடாதீர்கள், அச்சு கிழிந்துவிட்டது, இன்னொன்று வார்க்க முடியாது."

சுருளைப் பிரித்தேன். இரண்டாம் தாள். இடது சிறகைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் பெரிய மனுஷியின் கையெழுத்து: 'வேண்டுமென்றே.'

போச்சு. பத்து நாள்தான் இருக்கு. அந்தப் பட்டையாவது இருந்தா ஒட்டித் தொலைச்சிருக்கலாம். அதையும் வேக வெச்சு, உறைய வெச்சு, சுத்தியலால அடிச்சு - எந்தப் பைத்தியக்காரன் செய்வான் இதை? யாரு கேட்டா உன்னைச் சரி பண்ணச் சொல்லி?

மார்ச் 13, புதன்

பெரிய மனுஷிக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

மேலிடம் உத்தரவு போட்டது. "நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சாயங்காலம் ஆபீஸ் முடிந்து அவளே வந்துவிட்டாள். வெயிலைப் பற்றி ஒரே நாளில் மூன்று போன் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். மேஜைமேல் விமானத்தை வைத்தேன். பார்த்தவுடன் தெரிந்துகொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"வொர்க்‌ஷாப்ல ஒருத்தர் இதையே பண்ணார். அப்புறம் படம் போடறவர் ஒருத்தர். நீங்க மூணாவது, மாமா. எல்லாரும் எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணாங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். இதை வரலாற்று ஆசிரியர்கள் கோடிட்டுக்கொள்ளலாம்.

பிறகுதான் கேட்டேன். "அது ஏம்மா அந்தப் பக்கம் நீளம்?"

அவள் எழுந்து என் ட்ரில் மெஷினை எடுத்து வந்தாள். துளை போடும் பெரிய அலகு மாட்டி, ஒரு தடிமனான பலகையில் வைத்து, "ஒத்தைக் கையால பிடிங்க, விடாதீங்க" என்றாள். அலகு மரத்தில் சிக்கியதும், மெஷின் என் மணிக்கட்டை இடப்பக்கம் முறுக்கிவிட்டது.

"அலகு வலப்பக்கம் சுத்துது, மெஷின் இடப்பக்கம் திரும்பப் பாக்குது. அவ்வளவுதான். மூக்குல இவ்ளோ பெரிய விசிறி சுத்தினா, முழு விமானமும் இடப்பக்கம் சாயப் பாக்கும். முதல் ரெண்டு தடவை பறந்தப்போ விமானியால ஸ்டிக்லேருந்து கையை எடுக்கவே முடியல. இறங்கினப்புறம் டீ கிளாஸைக்கூட அவரால பிடிக்க முடியல. நான் இடது சிறகை இருபத்தாறு சென்டிமீட்டர் நீட்டச் சொன்னேன். நீளமா இருந்தா அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாத் தூக்கும். நாலாவது தடவை அவர் கையை விட்டுட்டு மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டார். வீடியோ இருக்கு."

நான் மேலும் கேட்டேன். வேகம் குறைந்தால்? இறங்கும்போது? விசிறி நின்றுபோனால்? அவள் என் பேப்பர் முழுக்கப் படம் போட்டுத் தள்ளினாள். வைத்த டீ ஆறிப் படலம் கட்டிவிட்டது.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "எட்டு வருஷத்துல எல்லாரும் எப்ப முடியும்னுதான் கேட்டிருக்காங்க."

நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம்.

மார்ச் 15, வெள்ளி

கீழ்த்தளத்தில் பல் செட் செய்பவர் இருக்கிறார். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். இன்று சிறகோடு போய் நின்றேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி அரை மணி நேரம் பார்த்தார்.

"மேல எத்தனை, கீழ எத்தனை?"

"இது பல் இல்லீங்க, விமானம்."

"எல்லாம் ஒண்ணுதான் சார். நடுவுல இடைவெளி, ரெண்டு பக்கமும் உறுதியா நிக்கணும், கடிச்சா ஆடக் கூடாது."

வலது சிறகின் நேர்ப்பகுதியில் அச்சு எடுத்துக்கொண்டார். அதைத் திருப்பிப் போட்டுச் சீவினால் இடதுக்கும் பொருந்துமாம். நானும் அவருமாகப் பழைய ஒட்டைப் பிரித்தோம். பித்தளைக் கம்பி மாற்றியது அவர்தான். நான் விளக்கு மட்டும் பிடித்தேன், இதை எங்கும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 17, ஞாயிறு

பட்டை வந்தது. பதினொரு மில்லிமீட்டர், நூல் பிசகவில்லை. உலகத்தில் எந்தக் கருவியாலும் குறை காண முடியாது.

ஆனால் ரோஸ் நிறம். ஈறு ரோஸ்.

"எங்கிட்ட அந்தக் கலர்தான் சார் இருக்கு" என்றார். ஒட்டிவிட்டேன். பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும். இப்போதைக்கு விமானம் சிரிப்பது போல இருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

உடம்பு, வால், இரண்டு சிறகு எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துக் காயவைத்தேன். இடது சிறகில் பட்டையை மட்டும் டேப் ஒட்டி மூடியிருந்தேன். இணைப்பைத் தேய்த்துச் சமமாக்கிய பிறகு கடைசியாக அடிக்கலாம் என்று. பெரிய மனுஷி மதியம் வந்தாள். டேப்பை உரித்தாள். வெள்ளை விமானம், அதில் இடது சிறகில் மட்டும் ஒரு ரோஸ் பட்டை.

"நாளைக்கு மறைச்சிடுவேன்" என்றேன்.

அவள் மேஜையைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமும் குனிந்து பார்த்தாள். "வேணாம். இப்படியே இருக்கட்டும்."

"ஏன்?"

"இதைப் பாத்தா யாராவது இதே மாதிரி ஏன்னு கேப்பாங்க இல்ல?"

மார்ச் 22, வெள்ளி

மீட்டிங் பதினோரு மணிக்கு. நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. பதினொன்று நாலு, பதினொன்று ஒன்பது, பதினொன்று பதிமூன்று ஆகிய நேரங்களில் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ஒரு மணிக்கு மேலிடம் என்னை மாடிப்படியில் ஏறி இறங்க அனுப்பிவிட்டது.

நாலு மணிக்கு ஒரு குறுஞ்செய்தி. "நாளைக்குப் பேசறேன்."

இதற்கு என்ன அர்த்தம்? நல்ல செய்தி என்றால் இன்றே சொல்ல மாட்டாளா? கெட்டது என்றால் யாருக்கும் சொல்ல நாளாகும். பல் செட்காரரிடம் போய்க் கேட்டேன். அவரும் சாப்பிடவில்லையாம்.

மார்ச் 23, சனி

பேசினாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"நான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இயக்குநர் மாடலைக் கையில எடுத்துட்டார். இது என்ன இங்க ரோஸா இருக்குன்னார். அதுலேருந்து நாற்பது நிமிஷம் கேள்விதான். என் ஸ்லைடு ஒண்ணுகூடப் போடல, மாமா. தொண்டையே போச்சு."

"சரி, முடிவு?"

"ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை பறக்கலாம். மேல ஏறினப்புறம் இறங்கற வரைக்கும் விமானி கையை எடுத்துட்டு ஓட்டிக் காட்டணும். அதுக்கப்புறம்தான் மத்தது."

பல் செட்காரரிடம் போய்ச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து கை கொடுத்தார். "கடிச்சுப் பாத்தாங்களா சார்?" என்று கேட்டார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

தபாலில், சோதனை விமானத் தளத்துக்கு ஒரு நுழைவுச் சீட்டு. ஒன்பதாம் தேதி, காலை ஆறு மணி, மூன்றாம் வாசல். ஐந்தாவது பறப்பு. ஒருவருக்கு மட்டும். பெயர், வயது, உறவு எல்லாம் அச்சில் இருக்கின்றன. 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறாள்: கேள்வி கேட்க.

மேலிடம் வாங்கிப் படித்தது. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தது. என் நீலச் சட்டையை இஸ்திரிக்கு எடுத்து வைத்தது.

பழைய டைரி ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு சேர்ந்திருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன், ஆறேதான்.