சம்மட்டி எகிறிய வாரம்

மார்கழி 11, திங்கள்

பனி. கரி நமத்துப்போச்சு. துருத்தி ஊதி ஊதி எனக்குத்தான் மூச்சு வாங்குது.

வேலை: ஓரிக்கை நாயக்கர் கடப்பாரை அஞ்சு, முனை காய்ச்சி அடிக்கணும். தை பொறந்தா கெணறு வெட்டுறாராம். அருவா ரெண்டு. உப்பு வாங்கணும்.

எங்க ஊட்டுக்காரரு கொறட்டுல இரும்பைப் புடிச்சிக்கினு சின்ன சுத்தியால தொட்டுக் காட்டுவாரு. அந்த எடத்துல நான் சம்மட்டியால போடணும். புருசனை அடிக்க வழியில்லாம கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இரும்பை அடிச்சிக்கினு இருக்கேன்.

இன்னிக்கு சம்மட்டி எகிறிச்சு. நல்லா செவந்த இரும்பு அடியை முழுங்கிடும், கைக்கு ஒண்ணும் வராது. ஆறினது திருப்பி எறியும், தோள்பட்டை வரைக்கும் விண்ணுனு. நாலு தரம். பனிக்கு, இரும்பை வச்சி அடிக்கிற பட்டடைக் கல்லு சில்லுனு கிடக்குது, சூட்டை அது உறிஞ்சிடுதுன்னாரு. சரி. வேப்பெண்ணெய் தேய்ச்சேன்.

12, செவ்வாய்

விடிஞ்சதும் பழுக்கக் காய்ச்சின பழைய இரும்பை பட்டடைமேல வச்சி, கல்லைக் குளிர் காய வச்சேன். எங்கம்மாவுக்குக்கூட இந்த உபசாரம் பண்ணல நீன்னாரு.

கல்லு வெதுவெதுன்னு ஆச்சு. அப்பவும் எகிறுது. ஆறிப்போச்சுங்கன்னேன். "செவப்பாத்தான் இருக்குது, போடு." எனக்கு கருப்பாத்தான் தெரிஞ்சுது.

ரெண்டு பேர்ல ஒருத்தருக்குக் கண்ணு சரியில்ல. எனக்குத்தான்னு வச்சிக்கிட்டேன். ஒரு கடப்பாரை ஆச்சு, நாயக்கர் ஆள் வந்து எடுத்துப்போனான். அலுப்பு. உப்பு மறந்துட்டேன்.

14, வியாழன்

நாயக்கரே வந்துட்டாரு, அந்தக் கடப்பாரையோட. முனை ரெண்டா விண்டுகிடக்குது. பாறையில ரெண்டு குத்துதானாம். "உங்க ஊட்டுல ஆறின சோறு போட்டா சாப்புடு ஆசாரி. ஆறின இரும்பை ஏம்பா அடிக்கிற?"

மிச்சம் நாலையும் கூரத்து ஆசாரிகிட்ட தரேன்னு தூக்கப் போனாரு. இவரு கொறட்டைத் தொடைச்சிக்கினு நின்னாரு. வாய் எனக்குத்தானே. நாளான்னிக்கு வாங்க, அஞ்சுக்கும் நான் பொறுப்புன்னேன். நீயான்னு சிரிச்சிட்டு விட்டுட்டுப் போனாரு. இதுவும் விண்டா ஓரிக்கைப் பக்கத்துலேர்ந்து ஒரு ஏர்க்கொழுகூட நம்ம உலைக்கு வராது.

கஞ்சி வச்சேன். பக்கத்துல இருந்த சொம்பைத் தடவித் தடவித் தேடினாரு. முன்னயும் தடவியிருப்பாரு. நான்தான் பாக்கல.

15, வெள்ளி

வெயில் கொஞ்சம். உப்பு வாங்கியாச்சு.

ரெண்டு கம்பி காய்ச்சி, ஒண்ணை ஆற வச்சேன். ரெண்டையும் பட்டடைமேல வச்சி எது சூடுன்னு கேட்டேன், விளையாட்டாட்டம். ரொம்ப நேரம் குனிஞ்சி பாத்தாரு. அப்புறம் பாக்குறதை விட்டுட்டு சுத்தியை எடுத்தாரு. ஒரு கம்பிமேல சும்மா விட்டாரு, டிங்குனு துள்ளிச்சு. இன்னொண்ணுமேல விட்டாரு, தொப்புனு உக்காந்துடுச்சு. இதான் சூடுன்னாரு. சரிதான்.

எத்தினி நாளான்னேன்.

"ஆடியிலேர்ந்து. பாலாடை போட்டாப்புல இருக்குது. சுத்தி துள்ளினது கைக்குத் தெரிஞ்சுதும்மா. கண்ணு தப்புன்னு ஒத்துக்கத்தான் மனசு வரல."

அப்ப ஆடியிலேர்ந்து என் மூஞ்சியைப் பத்தி ஒரு குறையும் சொல்லாதது இதனாலதானான்னேன். சிரிக்கல. நானும் சிரிக்கல. அடிக்கிற சூட்டை சுத்தி சொல்லிடுமாம். தண்ணியில தோய்க்கிற பதத்தை சுத்தி சொல்லாதாம், நெறம் பாக்கணுமாம்.

16, சனி

எடம் மாத்திக்கிட்டோம். கொறடும் சின்ன சுத்தியும் எனக்கு, சம்மட்டி அவருக்கு. நான் தட்டுற சத்தத்துமேல அவரு போடணும். என் சுத்தி துள்ளினா இரும்பு மறுபடி உலைக்கு. தோய்க்கிறதுக்கு, முனையில ஓடுற நெறம் மாம்பழ நெறம் தாண்டணும், கத்திரிப்பூ நெறம் ஆகக்கூடாதுன்னாரு. பட்டு நெய்யுற இந்த ஊர்ல வாக்கப்பட்டவளுக்கு சேலை நெறம் தெரியாதா.

பாவு நூல் எடுத்துக்கினு போன எதுத்த ஊட்டுக்காரர் எட்டிப் பாத்து, இன்னிக்கு யாருப்பா ஆசாரின்னாரு. "அவதான். நான் கூலிக்கு வந்திருக்கேன்"னாரு இவரு, சம்மட்டியை எறக்காம.

அஞ்சும் முடிஞ்சுது. நாயக்கர் ஒண்ணை எடுத்து வாசல் கருங்கல்லுல ஓங்கிக் குத்தினாரு. எகிறிச்சு. இன்னும் ரெண்டு குத்து, முனை விள்ளல. முனையை விரலால தடவிப் பாத்தாரு. அஞ்சையும் கட்டித் தோள்ல வச்சிக்கினு கெளம்பினாரு. தெருவுல திரும்பி நின்னு, அடுத்த வாரம் கொழு நாலு வரும்னாரு. என்னைப் பாத்து.

தோள் வலி இல்ல. மணிக்கட்டு வலி.

கண்ணு மங்கினவரு சம்மட்டி போட்டாரே, விரலை எண்ணிப் பாத்தேன். பத்தும் இருக்குது.