ரப்பர் பூட்டிய துப்பாக்கி

குரோம்பேட்டை

அன்புள்ள சகாயமேரிக்கு,

உன் சர்க்கரை குறைந்ததா? எனக்கு வாயைத் தவிர எல்லாம் குறைந்துவிட்டது.

நகைக்கடை வாசலில் நாள் முழுதும் உட்காரக் கூடாதாம். அதனால் காவலுக்குக் கொடுத்த பழைய ராணுவத் துப்பாக்கியை ஊன்றியே நிற்கிறேன். அடிக்கட்டை தேய்ந்து கிரானைட்டில் வழுக்கியதால், திருமுடிவாக்கம் பட்டறையில் கைத்தடி ரப்பர் பூட்டினேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“இன்னா மிலிட்டரி, நீ துப்பாக்கிய தாங்கிகினு கீறியா, அது உன்ன தாங்கிகினு கீதா?”

“ரெண்டு பேருக்குமே உள்ள ஒண்ணும் இல்ல சார்” என்றேன். சுடும் ஊசியைக் கழற்றித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

மூட்டுத் தைலம் அனுப்பு. ரப்பர் தெரியாமல் எடுத்த போட்டோ இத்துடன் இருக்கிறது. மாப்பிள்ளை கண்ணில் படும்படி மாட்டு. நம் ஏஞ்சல் மேல் அவர் மறுபடி கை வைக்காமல் இருப்பது, இது சுடும் என்ற நம்பிக்கையில்தான்.

கடை திறந்துவிட்டார்கள், நிற்கப் போகிறேன்.

உன்
சாலமன்