விடுதிக்கு மேலிருந்த காடு

நோர்பரி, லண்டன்
8 ஒக்டோபர் 2006

திரு. கிருஷ்ணராசா அவர்களுக்கு,

உங்களுடன் பிறந்தவள்தான் எழுதுகிறேன். 'அன்புள்ள அண்ணை' என்று தொடங்கக் கை மறுக்கிறது. நலம் விசாரிக்கவும் மனமில்லை.

நேற்றுத் தொலைபேசியில் கேட்டீர்களே, அதற்குப் பதில் இது. "மரங்களைப் புயல்தான் விழுத்தினது எண்டு விசாரணையில சொல்லு, கனகாம்பிகை. போனவர் திரும்பியே வரப்போறார்?" என்றீர்கள். போனவர் என் கணவர். அவருக்கு வைத்தியநாதன் என்று ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லவே உங்களுக்கு வாய் வரவில்லை.

போன வருடக் கோடையில் நாங்கள் சுவிஸில் உங்கள் விடுதிக்கு வந்திருந்தபோது, பின்பக்கச் சரிவில் நின்ற மரங்களை ஆள்வைத்து வெட்டிக்கொண்டிருந்தீர்கள். அனுமதி எடுத்தீர்களா என்று இவர் கேட்டார். "என்ர காணியில நிக்கிற மரத்துக்கு ஆரிட்டக் கேக்கோணும்? ஜன்னலால மலை தெரிஞ்சால்தான் சனம் வரும்" என்று சிரித்தீர்கள். ஊர்க் காட்டதிகாரி வந்து சத்தம் போட்டார். "வெள்ளைக்காரனுக்குப் பொறாமை" என்று எங்களுக்கு மொழிபெயர்த்தீர்கள்.

அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதை, மாசியில் இவருடைய உடலை வாங்க வந்தபோதுதான் அறிந்தேன். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து அவரே விளக்கினார். காடு நின்றால் விழுகிற பனியில் ஒரு பங்கு கிளைகளிலேயே தங்கிவிடும். பிறகு கட்டிகட்டியாக உதிரும். அதனால் கீழே கிடக்கும் பனி மேடும் பள்ளமுமாக இறுகும். அடிமரங்கள் அதை நகரவிடாது. மொட்டைச் சரிவிலோ படைபடையாகப் படிந்து, ஒருநாள் ஒரே பாளமாக வழுக்கி இறங்கும். இதைத்தான் உங்களிடமும் சொன்னாராம்.

காடு நின்ற பக்கத்து வீட்டில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. உங்கள் அழைப்பை மதித்து, லீவு போட்டு மாசியில் மறுபடி தனியாக வந்த மனிதர், உங்கள் முற்றத்தில், உங்கள் காரில் படிந்த பனியை வழித்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தப் பாளம் இறங்கி அவரை மூடியது. மறுநாள்தான் தோண்டி எடுத்தார்கள்.

பங்குனியில் இங்கே கொஞ்சம் பனி தூறியதற்கே, மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்குள் சுருண்டுவிட்டாள். அம்மா கொழும்பிலிருந்து தொலைபேசி எடுத்து, "குடும்ப மானத்தைப் பார் பிள்ளை" என்கிறா. அவவையும் நீங்கள்தான் ஏவிவிட்டீர்கள் என்று தெரியும்.

அடுத்த மாதம் வருகிறேன். கண்டதையும் கேட்டதையும் சொல்லத்தான் போகிறேன். விடுதியை மூடினால் மூடட்டும். நீங்கள் சிறைக்குப் போனாலும் எனக்குக் கவலையில்லை. விமானநிலையத்துக்கு வரவேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கமாட்டேன்.

இன்னும் ஒன்று. மேலே பனி விழத் தொடங்கப்போகிறது. இப்போது நட்டாலும் அந்த மரங்கள் பனியைத் தடுக்க ஒரு தலைமுறை செல்லும் என்றார் காட்டதிகாரி. கிரணும் மாதங்கியும் இன்னும் சரிவுப்பக்க அறையில்தான் படுக்கிறார்கள் என்று அண்ணி சொன்னா. உங்கள் பிள்ளைகள்தானே! கீழே ஊருக்குள் ஒரு வீடு எடுங்கள். ஏலாது என்றால் இங்கே அனுப்பிவிடுங்கள், தர்ஷினியோடு படுக்கட்டும். நான் பார்த்துக்கொள்வேன். தயவுசெய்து, பனி விழ முன்னம் செய்யுங்கள்.

பிள்ளைகள் நீடூழி வாழவேண்டும்.

வைத்தியநாதனின் மனைவி,
கனகாம்பிகை