சின்னாறு தாண்டும் வரை

இன்று காலை மூணாறில் என் கடைக்கு வந்த அட்டைப்பெட்டியில் ஒரு தேன் பாட்டில் மூடி தளர்ந்து கசிந்திருந்தது. பெட்டியைப் பிரித்ததுமே அந்த வாசனை எழுந்தது. புகையும் மரப்பட்டையும் கொஞ்சம் புளிப்பும் கலந்த காட்டுத்தேன் வாசனை. வளர்ப்புத்தேனில் இது வராது. துணியால் துடைத்தபோது லேபிள் படத்தில் உன் சின்னம்மா சிரித்துக்கொண்டிருந்தார். மூணாறு பார்க்க வந்த ஒரு பெண், "இது ஒரிஜினல்தானா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். தெரியும் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

பாலக்காட்டுக் கல்லூரியில் பி.காம். வகுப்பில் நாம் இருவரும் ஒரே பெஞ்ச், விடுதியில் ஒரே அறை. நீ அகளிக்கு மேலே இருக்கும் இருளர் ஊரிலிருந்து வந்தவள். நான் மூணாறு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டிலிருந்து. இரண்டு வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நாம்தான். வகுப்பில் நான் வாயே திறக்கமாட்டேன். நீ எனக்கும் சேர்த்துப் பேசுவாய். உன் ரத்தத்தில் சிக்கிள் செல் என்னும் அரிவாள் நோய் இருப்பதை இரண்டாம் வருடம்தான் என்னிடம் சொன்னாய். "ஒண்ணுமில்ல புள்ள. தண்ணி நெறயக் குடிக்கோணும், குளிருல நிக்கக் கூடாது. அவ்ளோதான். ஆருகிட்டயும் சொல்லீராதே, அப்பறம் என்னையப் புடிச்சு ப்ராஜெக்ட்ல போட்டுருவாங்க" என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காப்பது எனக்குச் சுலபம். பேசாமல் இருந்தால் போதுமே.

கடைசி வருடம் நம் வகுப்புச் சார் அந்தச் சுற்றுப்பயணத்தை அறிவித்தார். பழங்குடிகளின் பண்பாடும் தொழிலும். மூன்று நாள், ஒரு பஸ், முப்பது பேர். முதலில் அகளி, பிறகு மறையூர், கடைசியில் மூணாறு. நீ வழிகாட்டி. என் கூச்சம் தெளியட்டும் என்று சார் என்னைப் பெண்கள் பக்கத்துக்கு லீடராகப் போட்டார். "பொம்பளப் புள்ளைங்களுக்கு என்ன வேணும்னாலும் நீ வந்து எங்கிட்டச் சொல்லோணும், சரியா?" என்றார். தலையாட்டினேன்.

அகளியில் உன் சின்னம்மாவின் குழு தேன் வடிகட்டும் கொட்டகையில் நாங்கள் படிவங்களோடு உட்கார்ந்தோம். "உங்கள் போட்டியாளர் யார்?" என்பது ஏழாவது கேள்வி. அதைப் புரியவைக்க நம் வகுப்புப் பையன் ஒருவன் ஐந்து நிமிடம் விளக்கினான். நீங்கள் எடுப்பதற்கு முன்னால் போய் யார் எடுத்துவிடுகிறார்கள் என்று கடைசியாகக் கேட்டான்.

"ஓ, அதுவா? கரடி" என்றார் சின்னம்மா.

கொட்டகையே சிரித்தது. "எழுதுங்க சார், எழுதுங்க. அவன் வெலையும் கொறைக்கமாட்டான், வெளம்பரமும் பண்ணமாட்டான்" என்று நீ அவனை ஓட்டினாய். இன்னொருத்தி, உங்கள் ஆட்கள் எப்போது ஆடுவார்கள், வீடியோ எடுக்க வேண்டும் என்றாள். "உங்க ஊட்டுக் கல்யாணத்துல எப்ப ஆடுவீங்களோ அப்பத்தான்" என்றாய். அவள் முகம் சுருங்கியதும் நீயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் உன் அம்மாவின் ராகிக் களியைத் தின்னவைத்தாய். யாரையும் வாடவிடமாட்டாய் நீ.

மறுநாள் காலை பஸ் ஏறும்போது உன் அம்மா இரண்டு பெரிய பாட்டில்களில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார். உன்னிடம் அல்ல, என்னிடம். "கண்ணு, இவ பேச்சு சுவாரசியத்துல மறந்துருவா. நீ குடிக்க வெய்யி" என்றார்.

ஆனைக்கட்டி இறங்கும்வரை நீ குடித்தாய். பொள்ளாச்சிக்கு முன்னால் உனக்கு இறங்க வேண்டியிருந்தது. நான் எழுந்து முன்னால் போய்ச் சாரிடம் சொன்னேன். பஸ்ஸில் பாதித் தூரம் நடப்பதற்குள் பின்வரிசையில் ஒருவன், "லீடரே, லேடீஸ் ஸ்பெஷலா?" என்றான். இன்னொருவன் விசில் அடித்தான். பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது என் காது இரண்டும் எரிந்தன. நீ அவர்களைப் பார்த்து நாக்கைத் துருத்திவிட்டு மறந்துபோனாய். நான் மறக்கவில்லை.

உடுமலையில் சாப்பிட்ட ஓட்டலில் கழிப்பறை பூட்டியிருந்தது. பஸ் கிளம்பியபோது கொழிஞ்சாம்பாறைக்கார டிரைவர் சொல்லிவிட்டார்: "ஏனுங்க சார், இனி மறையூர்லதான் நிக்கும். சின்னாறு காட்டுக்குள்ள நிறுத்துனா ஃபாரஸ்ட்காரங்க புடிச்சுக்குவாங்க." நீ பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

"இப்பக் குடிக்காதடி. சின்னாறு தாண்டட்டும். நடுக்காட்டுல என்ன செய்வ?"

"தொண்ட காயுதே புள்ள."

என் பையில் எப்போதும் இருக்கும் ஏலக்காயில் ஒன்றை எடுத்து உன் வாயில் போட்டேன். எங்கள் அம்மா அப்படித்தான். கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் காலையில் ஒரு டம்ளர் பாலில்லாத கட்டன்சாயாவோடு ஏறினால் மாலைவரை தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அந்தச் சரிவில் ஒதுங்க எங்கே இடம்? ஒரு ஏலக்காயை அடக்கிக்கொண்டால் தாகம் தெரியாது என்பார்கள். பெண் வெளியே போகும்போது தெரிந்திருக்க வேண்டிய சாமர்த்தியம் என்றே அதை நான் நினைத்திருந்தேன். உனக்கு ஒரு நல்லது சொல்லித்தந்த பெருமைகூட எனக்கு இருந்தது. நீ எனக்காகச் சிரித்தாய். பாட்டிலை மூடினாய். உன் அம்மா சொன்னதும் எனக்கு நினைவிருந்தது, உன் நோயும் நினைவிருந்தது. அந்தப் பின்வரிசைதான் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மறையூரில் எலுமிச்சைப்புல் தைலம் காய்ச்சும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஏறி நடந்தோம். இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்றாய். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். "மூணாறு போயிக் குடிக்கறேன், இன்னும் ஒரு ஏலக்கா குடு" என்றாய். கொடுத்தேன்.

மூணாறில் பஸ் நின்றபோது வெயில் இருந்தது, காற்று மட்டும் சில்லென்று அடித்தது. நீ படியில் இறங்கி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். இடுப்பு, முதுகு, நெஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். சார் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று உன்னைப் பார்த்தும் என்னைப் பார்த்தும் கேட்டார். அப்போதுதான் உன் நோயைச் சொன்னேன். முப்பது பேர் நடுவில், உரக்க. கூச்சம் எங்கே போனதோ தெரியவில்லை. தேவைப்பட்டபோது அது போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு என் அம்மா வேலை உடுப்போடு ஓடி வந்து உன் காலைத் தேய்த்துவிட்டாள். அவளைப் பார்க்க வேண்டும் என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். "நீங்கதானா அந்த ஏலக்காம்மா?" என்று கேட்டாய். அம்மாவுக்குப் புரியவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள், சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, அது எங்களுக்குட்டி. எங்களுக்கு வேற வழியில்ல, அடக்கிக்கிட்டுக் கெடந்தோம். அதைப் போயி ஒன்னைய யாரு சொல்லிக்குடுக்கச் சொன்னா?"

உன்னைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸில் எனக்கு இடமில்லை. மூன்றாம் நாள் மதியம் சார் போன் செய்தார். நீ போய்விட்டாய் என்றார்.

உன்னைப் பார்த்த டாக்டரிடம் பிறகு ஒருமுறை போய்க் கேட்டேன். "குளிராக இருக்கலாம், ஏற்றமாக இருக்கலாம், தண்ணீர் குறைந்ததாக இருக்கலாம். இதுதான் என்று சொல்ல முடியாது" என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். நீதான் காரணம் என்று சொல்லியிருந்தால் பிடித்து அழ ஓர் இடம் கிடைத்திருக்கும்.

உன் பையை நான்தான் ஊருக்குக் கொண்டுபோனேன். உன் அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒரு பாட்டில் திறக்கவே இல்லை. இன்னொன்றில் பாதிக்கு மேல் இருந்தது. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார். நான் சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். அகளிவரை பஸ்ஸில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

"பாவம், ஓடுற பஸ்ஸுல எங்க குடிக்கறது" என்றார் அவரே. பிறகு, "நீ ஏதாச்சும் தின்னியா கண்ணு?" என்றார்.

நான் தின்றேன். சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு முறை கிளம்பிக் கோயம்புத்தூர் வரை போய்த் திரும்பிவிட்டேன். சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும். அவருக்கு என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால், லேபிளில் சிரிக்கும் சின்னம்மாவிடமும், தன் பெண்ணைப் பார்த்துக்கொண்டவள் என்றே என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். எது சரியென்று உன்னிடம்தான் கேட்டிருப்பேன்.

போன மாதம் உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். சின்னாறு போகும் காடு தொடங்கும் செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து போய்க் கண்டக்டரிடம், "அண்ணே, ஒரு நிமிஷம் நிறுத்துவீங்களா, பொம்பளைங்க இறங்கணும்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சொன்னா நிறுத்தப்போறோம், இதுக்கென்னம்மா" என்று விசில் கொடுத்தார். பஸ் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு இறங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனால் என் பின்னால் மூன்று பெண்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் வயதானவர், படியில் கை கொடுத்து இறக்கிவிட்டேன். "நல்ல வேள தாயி, நானும் எவ்வளவு நேரமாக் கேக்க முடியாம உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் புதர்ப்பக்கம் வேகமாக நடந்தார். நான் சாலையோரம் நின்று, அவர்கள் திரும்பி வரும்வரை பஸ்ஸைப் போகவிடாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.